ஆறாம் நாள் அறுந்த காப்பு

குளித்துவிட்டுத் துண்டை உதறியபோது, மாதப்பனின் வலது மணிக்கட்டிலிருந்து ஏதோ நழுவி ஈரக்கல்லில் விழுந்தது. குனிந்து பார்த்தான். மஞ்சள் கயிறு. அதில் கோத்திருந்த மஞ்சள் துண்டு தனியாக உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது.

மாரியம்மனுக்குக் கட்டிய காப்பு அது. திருவிழா முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

"ஐயையோ" என்றான் மாதப்பன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத ஆள் அவன். பன்னிரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவனைக்கூடக் கேலி பேசியே உள்ளே ஏற்றிவிடுவான். இப்போது தர்மபுரி நாலு ரோட்டு மாடியில் ஜாஸ்மின் மேடம் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். அங்கேயும் பாதி வேலை வாயால்தான். அப்பேர்ப்பட்ட வாய் இன்று ஒட்டிக்கொண்டது.

காரணம் இருந்தது. அவனுடைய ஏழு வயது மகள் கவிப்பிரியா தர்மபுரி டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பிறவியிலேயே சிறுநீர்க் குழாயில் அடைப்பு. இன்று பதினொரு மணிக்கு ஆபரேஷன். "புள்ளைய நல்லபடியா எழுப்பிக் குடு தாயி" என்று வேண்டித்தான் போன வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொண்டான். தர்மபுரிக்கு வடக்கே இருக்கும் அவன் ஊரான ஓடைக்கொட்டாயில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டியவன் எட்டு நாளைக்கு எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. பெற்ற மகளுக்கு ஆபரேஷன் என்றாலும் கூடாது. மனைவி கலைமதிதான் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் காப்பு இன்று காலை, இன்றைக்கென்று பார்த்து, தானாக விழுந்திருந்தது.

வாசலில் உறுமல் சத்தம். வேண்டுதலுக்குக் கரடி வேஷம் கட்டியவன் வந்து நின்றான். உடம்பெல்லாம் கருப்புச் சாக்கும் தென்னை நாரும், முகத்தில் அப்பிய கரி, தோளில் பை. வேஷம் கட்டியவன் வாய் பேசக்கூடாது. வீடு வீடாகப் போய் ஒரு பிடி அரிசி வாங்கிக் கோயிலில் சேர்க்க வேண்டும். மாதப்பன் அரிசியைப் போட்டான். கரடி அரிசியைப் பார்க்கவில்லை. அவனுடைய வெறும் மணிக்கட்டையே பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது மணி எட்டே முக்கால்.

ஜாஸ்மின் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நாற்பத்தெட்டு வயது. இருபது வருஷம் அரசாங்கத்தில் மருந்து ஆய்வாளராக இருந்துவிட்டு, மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவள்.

"என்ன மாதப்பா, ஊரே இழவு வீடு மாதிரி கெடக்குது? திருவிழான்னு சொன்ன?"

"திருவிழாதான் மேடம். சாமிதான் டிக்கெட் வாங்காம எறங்கிப் போயிருச்சு." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கையை நீட்டிக் காட்டினான். "எனக்கு மட்டும் இல்லீங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து எங்க கெழக்குத் தெருவுல நாப்பது பேருக்கு மேல அறுந்துருச்சு. ஆத்தா கோவத்துல இருக்கான்னு பேசிக்கிறாங்க. எவனோ செத்துக் கெடக்கறான், தீட்டுன்னு பேசிக்கிறாங்க."

"யார் செத்தாங்களாம்?"

"முனிராஜ்தான். வேற யாரு?"

ஜாஸ்மின் வந்ததே முனிராஜைத் தேடித்தான். ஊர்க் கோடியில் இருக்கும் நீர்மை பாலிமர்ஸ் கம்பெனியில் அவன் தரம் பார்க்கிறவன். மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஒரு வகைப் பிளாஸ்டிக் எடுத்து, அதை நூலாக இழுத்து, ஆபரேஷன் தையலுக்கு அனுப்பும் கம்பெனி அது. அந்த நூல் உடம்புக்குள் முப்பது நாள் இறுக்கமாகப் பிடித்து நிற்கும். புண் ஆறிய பிறகு தானே கரைந்துவிடும். சனிக்கிழமை முதல் முனிராஜைக் காணவில்லை. இரண்டு ரீல் நூலைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று முதலாளி அறிவழகன் நேற்று ஜாஸ்மினிடம் வழக்கைக் கொடுத்திருந்தார்.

"முதலாளி ஆளைக் கண்டுபிடிங்கன்னு ஒரு தடவை சொன்னார். ரீலைக் கண்டுபிடிங்கன்னு அஞ்சு தடவை சொன்னார். அதுதான் என் மண்டையைக் குடையுது" என்றாள் ஜாஸ்மின். "அந்தக் கயிறைக் குடு."

அறுந்த காப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியைப் பார்த்தாள். நகத்தால் நெருடினாள். உலர்ந்த மாவு உதிர்வதுபோல் நுனி உதிர்ந்தது.

"வெட்டுனதில்ல. தேஞ்சு அறுந்ததும் இல்ல. இழை பிரிஞ்சு நிக்கவே இல்ல பாரு, ஒடிஞ்சிருக்கு. மாதப்பா, இது பருத்தி நூலா?"

"இந்த வருசம் ஏதோ புது நூலுன்னாங்க. பளபளன்னு இருந்துச்சு."

"யார் சொன்னா?"

"குள்ளம்மாள் ஆத்தாதான். வருசா வருசம் காப்புக் கயிறு முறுக்கி மஞ்சள்ல நனைச்சுக் குடுக்கறது அதுதாங்க."

கிளம்பும்போது ஜாஸ்மின் நின்றாள். மாதப்பன் வீட்டு வாசல் நிலையில், கை எட்டும் உயரத்தில், கட்டைவிரல் அளவுக்குக் கரிப்புள்ளி ஒன்று.

"இது எப்ப வந்துச்சு?"

மாதப்பன் கிட்டே போய்ப் பார்த்தான். விடிகாலையில் அது இல்லை. அவனே வேப்பிலை செருகிய நிலை அது. தெருவைப் பார்த்தான். எதிர்வீட்டு நிலையில் ஒரு புள்ளி. அடுத்த வீட்டில் மூன்று. காப்பு அறுந்த வீட்டுக்கெல்லாம் புள்ளி. அறுந்த கைகள் எத்தனையோ அத்தனை புள்ளி. அறுபடாத வீட்டு நிலைகள் சுத்தமாக இருந்தன.

"எமன் லிஸ்ட் எடுக்கறான் மேடம்" என்றான். "இந்த ரூட்டுல அடுத்த ஸ்டாப்பிங் எங்க வூடா?"

"எமனுக்குக் கரி எதுக்குடா? வா."

குள்ளம்மாள் மேற்குத் தெருவில் இருந்தாள். எழுபது வயதுக்கும் கண்ணும் கையும் கூர்மை. மாதப்பனின் காப்பில்லாத கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கெழக்குத் தெருக்காரன் எவனோ பாவம் பண்ணியிருக்கான். எங்க மேக்குத் தெருவுல ஒண்ணாச்சும் அறுந்துச்சா, கேட்டுப் பாரு. அதே கையாலதான் ரெண்டு தெருவுக்கும் முறுக்கினேன்."

"நூல் யாரு குடுத்தாங்க ஆத்தா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"முனிராசுதான் கண்ணு. கம்பெனி தர்மம்னு ரெண்டு ரீலு கொண்டாந்தான். இது கெழக்குத் தெருவுக்கு, இது மேக்குத் தெருவுக்கு, மாத்திராத ஆத்தான்னு நாலு தடவ சொன்னான். எங்க தெரு பெரிசாச்சே, அந்த ரீலுல கொஞ்சம் எடுத்துக்கறேன்னு கேட்டா, கூடாதுன்னுட்டான். என்னடா கிறுக்கா இருக்கேன்னு வைதேன்."

மாதப்பன் திறந்த வாயை மூடவில்லை. திருட்டுப் போன ரீல்கள் பெங்களூருக்கும் போகவில்லை, ஓசூருக்கும் போகவில்லை. முந்நூறு கைகளில் மஞ்சள் பூசிக்கொண்டு ஊருக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தன.

"உங்க காப்பைக் கொஞ்சம் காட்டுங்க ஆத்தா" என்றாள் ஜாஸ்மின். கிழவியின் மணிக்கட்டைப் பிடித்து, கயிறைத் திருப்பி, நகத்தால் லேசாக நெருடினாள். நெருடிய விரலைப் பார்த்தாள். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மாதப்பன் பரபரத்தான். "அப்ப முனிராஜ் எங்க மேடம்?"

"நீ சொல்லு. அவன் காப்புக் கட்டியிருந்தானா?"

"கட்டினான். எனக்கு முன்னாடி வரிசையில நின்னான்."

"அப்ப எல்லை தாண்டியிருப்பானா?"

"செத்தாலும் மாட்டான். சாமி விசயத்துல அவன் என்னைவிட மோசம்."

"ஆக, ஊருக்குள்ளதான் இருக்கான். ரெண்டு தெருவுக்கு ரெண்டு ரீல் பிரிச்சுக் குடுத்தவன் அது எப்போ யார் கையில அறுந்துதுன்னு பாக்காம இருப்பானா? தினம் எல்லார் மணிக்கட்டையும் பாக்கணும். பார்த்து அடையாளம் வைக்கணும். எல்லாரும் வலது கையை அவன் முன்னால நீட்டணும். அவன் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. காலையில உன் வூட்டுக்கு யார் வந்தா?"

மாதப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "கரடி! அரிசி போடுற கையத்தான் பாத்துச்சு மேடம், அரிசியப் பாக்கவே இல்ல!"

கோயிலுக்குப் பின்னால் தேர்க் கொட்டகையில் கரடி தனியாக உட்கார்ந்து தாளிக்காத கூழைக் குடித்துக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தது. மாதப்பன் பாய்ந்து சாக்கைப் பிடித்தான்.

"எறங்குற எடம் வந்துருச்சு முனிராசு. நில்லு!"

கரி பூசிய முகத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டது. "சத்தம் போடாதீங்கண்ணே. கம்பெனி ஆளுங்க பாத்தா என்னைய உயிரோட வுட மாட்டாங்க. ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சாலும் வுட மாட்டாங்க. ஆத்தா காப்புல போயி வெளையாடிட்டேன்."

"ஏன்?" என்றாள் ஜாஸ்மின்.

முனிராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நூல் இழுக்கும்போது மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை மறுபடி உருக்கலாம். அதில் தட்டு செய்யலாம், மூடி செய்யலாம், டப்பா செய்யலாம். நூல் மட்டும் செய்யக்கூடாது. "ஒவ்வொரு தடவ உருக்குறப்பவும் உள்ள இருக்குற மூலக்கூறுச் சங்கிலி துண்டுதுண்டாப் போயிரும் மேடம். பாக்க அதே மாதிரி இருக்கும், இழுத்தாலும் மொதல்ல தாங்கும். சூடும் ஈரமும் பட்டா சீக்கிரமே பொடியாயிரும். பதினேழாம் லாட்டுல, அதான் பதினேழாவதாப் போட்ட சரக்குல, உருக்குன துண்ட நூலுக்கே கலந்துட்டாங்கன்னு எனக்குச் சந்தேகம். முதலாளிகிட்டப் போனேன். டெஸ்ட் ரூம் சாவியப் புடுங்கிட்டாரு. ரிப்போர்ட்டுல மேனேஜர் மாதவராஜே கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அதனால ஊரையே டெஸ்ட் ரூம் ஆக்கிட்ட."

"மனுசன் உடம்புச் சூடு, வேர்வை, ரெண்டு வேளைக் குளியல். எட்டு நாளைக்கு யாரும் அவுக்க மாட்டாங்க, எங்கயும் போக மாட்டாங்க. இதவிட நல்ல டெஸ்ட் எனக்கு எங்க கெடைக்கும்? கெழக்குத் தெருவுக்குப் பதினேழு. நல்லதையும் கெட்டதையும் ஒப்பிட்டுப் பாக்கணுமேன்னு மேக்குத் தெருவுக்குப் பதினாறு. வெளிய கையிலயே ஆறு நாளுதான் தாங்குதுன்னா, வயித்துக்குள்ள..."

மாதப்பன் அதற்குமேல் கேட்கவில்லை. போன வாரம் அறிவழகன் அவன் தோளைத் தட்டிச் சொன்னது காதில் ஒலித்தது. 'பாப்பாவுக்கு நம்மூரு நூலுதான் மாதப்பா. நானே ஆஸ்பத்திரிக்குக் குடுத்து அனுப்பிட்டேன்.' பெருமையாக இருந்தது அன்றைக்கு. கலைமதி அந்தப் பாக்கெட்டைப் போட்டோ எடுத்துக்கூட அனுப்பியிருந்தாள்.

போனை எடுத்தான். போட்டோவைப் பெரிதாக்கினான்.

லாட் 17.

மணி பத்து இருபது.

"கலை! பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இப்பத்தாங்க பச்ச கவுனு போட்டு வுட்டாங்க. ஏங்க கத்துறீங்க?"

"டாக்டரம்மாகிட்ட போனக் குடு. ஓடு கலை! கேக்காத, ஓடு!"

அந்த இரண்டு நிமிடத்தில் மாதப்பனுக்கு வயது பத்து கூடியிருக்கும். ஜாஸ்மின் போனை வாங்கி, டாக்டரிடம் நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பதினேழை ஒதுக்கிட்டேன்" என்றார் டாக்டர். "அதே கம்பெனியோட பதினாறும் பத்துப் பாக்கெட் இருக்கு. மயக்க டாக்டர் வந்தாச்சு. அதைப் போடலாமா, வேண்டாமா? உடனே சொல்லுங்க."

கொட்டகை வாசலில் கார் வந்து நின்றது. 'ரீல் கிடைத்துவிட்டது, கோயிலுக்கு வாருங்கள்' என்று குள்ளம்மாள் வீட்டு வாசலிலேயே ஜாஸ்மின் அறிவழகனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம். மேற்குத் தெருவின் பெரிய வீட்டுக்காரர், திருவிழாவுக்கு முதல் மரியாதை அவருக்குத்தான். முதல் காப்பும் அவர் கையில்தான் கட்டினார்கள்.

கரடியைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. "எங்கடா ரீலு?"

"நீங்க தேடுற ரீல் உங்க கையிலதான் சார் இருக்கு" என்றாள் ஜாஸ்மின்.

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் கயிறைப் பார்த்தார். புரிந்தது. ஆனால் மனிதர் லேசில் அசரவில்லை. குரலை இறக்கினார்.

"சரி, மறைக்கல. பதினேழுல கொஞ்சம் கலக்கச் சொன்னேன். ஆர்டர் நெருக்கடி. தப்புதான், திருப்பி வாங்கிக்கறேன். மாதப்பா, மனசுல வெச்சுக்காத, பாப்பாவுக்குப் பதினாறு போடச் சொல்லு. அது சொக்கத் தங்கம். சனிக்கிழம எம்பொண்ணு காவியாவுக்கு சேலத்துல சிசேரியன். நானே பாத்துப் பதினாறுதான் குடுத்து வுட்டேன். எம்பொண்ணுக்கே போட்டதுய்யா!"

மாதப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பொண்ணுக்குப் பதினாறு, எம்பொண்ணுக்குப் பதினேழா?"

"போன்ல டாக்டர் காத்திருக்காங்க மாதப்பா" என்றாள் ஜாஸ்மின் அமைதியாக.

கோபம் கோபம்தான். ஆனால் மேற்குத் தெருவில் ஒன்றுகூட அறுபடவில்லை. அதைக் குள்ளம்மாளே சொன்னாள், முனிராஜும் தலையாட்டினான். பச்சை கவுன் போட்ட பிள்ளை எவ்வளவு நேரம் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்? சரி என்று சொல்ல மாதப்பன் வாயெடுத்தான்.

ஜாஸ்மின் கை காட்டி நிறுத்தினாள். "ஒரு நிமிஷம் டாக்டர். அறிவழகன் சார், பதினாறு சுத்தம்தானே?"

"நூத்துக்கு நூறு."

"மேற்குத் தெருக் காப்பு எல்லாம் பதினாறு. உங்களுதும்தான். சுத்தமான நூல் முப்பது நாள் தாங்கணும். இன்னைக்கு ஆறாவது நாள். ஒரு இழு இழுங்க பாப்போம்."

"காப்ப இழுக்கறதா? சாமி குத்தம்மா அது."

"தாங்குற நூலுக்கு என்ன குத்தம் வரப் போகுது சார்?"

அறிவழகன் ஏளனமாகச் சிரித்தார். இடது கையின் இரண்டு விரலைக் காப்புக்குள் விட்டார். தன் சரக்கின்மேல் நம்பிக்கையுள்ள வியாபாரி இழுக்கும் தோரணையில் ஒரே இழுப்பு இழுத்தார்.

சத்தமே வரவில்லை. கயிறு மூன்று துண்டாகி அவர் வேட்டியில் விழுந்தது. மஞ்சள் துண்டு காலடியில் உருண்டது. விரலில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி ஒட்டியிருந்தது.

"வேண்டாம் டாக்டரம்மா!" மாதப்பன் போனைப் பிடுங்கி அலறினான். "அதுவும் வேண்டாம்! ரெண்டும் வேண்டாம்!"

"புரிஞ்சுது. வேற கம்பெனி நூல் எடுத்துக்கறேன். பாப்பாவைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றார் டாக்டர். லைன் கட்டானது. மாதப்பன் அப்படியே தேர்ச்சக்கரத்தில் சாய்ந்து விசும்பினான். அவனுக்கு வெட்கமாக இல்லை.

"குள்ளம்மாள் கையிலயே என் நகத்துல மாவு ஒட்டிச்சு" என்றாள் ஜாஸ்மின். "நீங்க பதினேழுல கலக்கச் சொன்னீங்க. ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்ட உங்க மேனேஜர்தான் நீங்க சொல்றதுக்கு முன்னாடியே பதினாறுல ஆரம்பிச்சிருக்கணும். கொஞ்சமாக் கலந்ததால மேற்குத் தெரு ஒரு நாள் லேட்டு, அவ்வளவுதான். டெஸ்ட் ரூம் சாவியைப் பிடுங்காம இருந்திருந்தா முனிராஜே உங்களுக்குச் சொல்லியிருப்பான்."

அறிவழகன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் வாய் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். போனை எடுத்து அழுத்தினார். ஸ்பீக்கரில் இளம் குரல் கேட்டது. பின்னால் பச்சைக் குழந்தையின் அழுகை.

"அப்பா! பேரன பாக்க எப்ப வரீங்க? காப்புக் கட்டியிருக்கேன், கட்டியிருக்கேன்னே சொல்லிட்டு இருக்கீங்க?"

"காவியா... ஒடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தாம்பா இருக்கேன். காலையில இருந்து இருமுனா மட்டும், உள்ள என்னமோ விட்டுப் போன மாதிரி சுருக்குனு இழுக்குது. வேற ஒண்ணுமில்ல."

ஜாஸ்மின் போனை வாங்கி, "காவியா, அசையாம படும்மா. பக்கத்துல நர்ஸ் இருந்தா உடனே கூப்பிடு" என்றாள்.

கார் சாவி அவர் கையிலிருந்து தரையில் விழுந்தது. மாதப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தான். இரண்டு பேர் மணிக்கட்டும் வெறுமையாக இருந்தது. இனி எந்த எல்லைக்கல்லும் அவர்களைத் தடுக்காது. அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் போகத்தான் அவனுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் போனில் இன்னும் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஏறுங்க சார்" என்றான், பின் கதவைத் திறந்து. "தர்மபுரி ஆஸ்பத்திரியில நான் எறங்கிக்கறேன். மேடம் உங்களச் சேலத்துல கொண்டுபோயி வுடுவாங்க."